வாயாடிக்கு ஒரு சட்டை

அம்மாவுக்கு வாயாடியை ரொம்பப் பிடித்துப்போனது. அதுதான் வம்பாகிவிட்டது.

மகள் முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு ஐந்து நாடு சுற்றிவிட்டு வந்து நாலு மாதம் ஆகிறது. தனியாக அனுப்பமாட்டேன் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றதால், கூட ஒரு தோழி வருகிறாள் என்று புளுகிவிட்டுத்தான் கிளம்பினாள். பரிசோதனைக் கூடத்தில் ரத்தக் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டுகிறவள். நாள் முழுக்க நாலு வார்த்தை பேசினால் அதிகம். அவளுக்கு ஏது தோழி? ஆனால் பொய்யையும் தீனி போட்டுத்தானே வளர்க்கவேண்டியிருக்கிறது. போன் பண்ணும்போதெல்லாம் தோழி அதைச் சொன்னாள், இதைச் சொன்னாள் என்று அளந்தாள். அந்தத் தோழி குட்டை, குண்டு, வாயைத் திறந்தால் மூடமாட்டாள். வாயாடி என்று பெயர் வைத்ததே அம்மாதான். படம் எடுத்ததெல்லாம் வாயாடி என்பதால் ஒரு படத்திலும் அவள் இல்லை.

திரும்பி வந்தும் ஓயவில்லை. அம்மா வீட்டு முன்னறையில் துணி தைப்பவள். சாயங்காலம் மெஷினை மிதித்தபடியே, "அந்தப் படகுக் கதையச் சொல்லு" என்பாள். ஏழு மணி நேரப் படகின் மேல்தட்டில், கொட்டுகிற மழையில், ஒரே பிளாஸ்டிக் விரிப்புக்குள் இரண்டு பேரும் ஒடுங்கிக்கொண்டதை மகள் சொல்வாள். "கடலுக்கே குளிக்கணும்னு தோணிருச்சு போல" என்றாளாம் வாயாடி. மலைமேல் பஸ் படுத்துக்கொண்டபோது, "டிக்கெட் எடுத்தவங்க தள்ளணுமா, எடுக்காதவங்க தள்ளணுமா?" என்று டிரைவரையே கேட்டாளாம். அம்மா தையலை நிறுத்திவிட்டுச் சிரிப்பாள். அப்பா போனபிறகு இந்த ஆறு வருஷத்தில் அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அது ஒன்றுதான். உண்மை தெரிந்தால் அதுவும் போய்விடுமே என்று மகள் இன்னொரு கதையை எடுத்துவிடுவாள்.

அந்த விரிப்புக்குள் இருந்தது ஒருத்திதான். பஸ்ஸில் அவள் யாரிடமும் வாயே திறக்கவில்லை. மூன்றாவது நாட்டுக்குள் நுழைவதற்குள், எந்த பெஞ்சில் உட்கார்ந்தாலும் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு உட்காரப் பழகியிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா நீலத் துணி ஒன்றை மேஜைமேல் விரித்தாள்.

"என் பொண்ணப் பத்திரமா கூட்டிட்டு வந்தவளுக்கு ஒரு சட்டை தைச்சு அனுப்பணும். அளவு சொல்லு."

"அளவு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"தையல்காரி பொண்ணுடி நீ. அஞ்சு நாடு கூடவே சுத்திருக்க, கண்ணளவு கூடவா தெரியாது? சொல்லு, எழுதிக்கிறேன்."

மகளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உலகத்தில் அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த அளவு ஒன்றே ஒன்று. மடமடவென்று ஒப்பித்தாள்.

"தோள் பதினாலே கால். கை இருபது. சட்டை உயரம் இருபத்தாறு. இடது தோள் கால் இஞ்ச் இறக்கம்."

பென்சில் நின்றது. அந்தக் கால் இஞ்ச்சை மகளின் பள்ளிக்கூடச் சீருடைக் காலத்திலிருந்து வெட்டிவெட்டிச் சரிபண்ணி வருகிறவள் அம்மா. அவளிடம் போய்!

"குட்டைன்னியே" என்றாள் அம்மா.

மகள் தரையைப் பார்த்தாள்.

"அப்படி ஒருத்தியே கிடையாதா?"

"இல்லம்மா."

"அஞ்சு நாடும் தனியாவா?"

"ம்."

வீடு இரண்டாகப்போகிறது என்று மகள் காத்திருந்தாள். அம்மா கத்திரிக்கோலை ஓரமாக நகர்த்திவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள்.

"கடலுக்குக் குளிக்கத் தோணிருச்சுன்னது?"

"நான்தான். மனசுக்குள்ள."

"டிரைவர்கிட்ட கேட்டது?"

"கேக்கல. கேக்கணும்னு நெனச்சேன்."

அம்மாவுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. பாதியிலேயே அது நின்றுபோய், முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. கோபமில்லை; கோபமாக இருந்தால் மகள் தாங்கிக்கொண்டிருப்பாள்.

"இவ்வளவு பேசத் தெரிஞ்சவ, ஒரே வீட்டுல என்கூட இத்தன வருஷம் எப்படிடி ஊமையா இருந்த?"

வாயாடியாக இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாள்.