மரத்துப் போகாத கை

நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் அறையில், அண்ணன் கட்டிலில் படுத்து வலக்கையை நீட்டினார். முழங்கைக்கு மேலே ஜெல் தடவி, ரத்தக்குழாயின் அகலத்தைத் திரையில் அளந்துகொண்டு, கீழே பட்டையைச் சுற்றி, காற்றடித்து இறுக்கினேன். ஐந்து நிமிடம் ரத்தத்தை நிறுத்திவிட்டுச் சட்டென்று விட்டால், நல்ல ரத்தக்குழாய் தானாகத் தளர்ந்து விரிந்துகொடுக்கும். வருஷக்கணக்காகக் குடித்தவர்களுக்கு அந்த இளக்கம் குறைந்துவிடும். எட்டு மாதம் முன்பு இதே அறையில் அண்ணனின் குழாய் கொஞ்சமும் விரியவில்லை. அன்றுதான் குடியை விடுவதாகச் சத்தியம் செய்தார். அதற்கு முந்தைய சத்தியங்களை எண்ண விரல் போதாது.

வெளியே நாற்காலியில் அண்ணி. கோபித்துக்கொண்டு போயிருந்த தன் அம்மா வீட்டிலிருந்து நேராக வந்திருந்தார். "நீ பாத்துச் சொல்லு. உன்ன நம்பி வீட்டுக்குத் திரும்பி வரேன்" என்று பாரத்தை என் தலையில் கட்டிவிட்டார். குடித்தாரா இல்லையா என்று இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பட்டையைத் தளர்த்தினேன். முதலில் நாலு மில்லிமீட்டர் இருந்த குழாய் இப்போதும் நாலுதான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அண்ணியிடம் சொன்னது எனக்கே மறந்துபோனது.

"திரும்ப ஆரம்பிச்சிட்டீங்களா?"

"இல்லம்மா."

"என்கிட்டயே கதை விடாதீங்கண்ணா."

அவர் சண்டைக்கு வரவில்லை. கையிலிருந்த ஜெல்லைத் துடைத்தார். "மிஷினே சொன்னா நான் என்ன பண்ண முடியும்? அவகிட்ட நீயே சொல்லிடு." பிறகு விரல்களை மடக்கி நீட்டினார். "போன தடவ கை சுத்தமா மரத்துப்போச்சு. இன்னிக்கு அதுகூட இல்ல."

கதவருகே போனவள் நின்றுவிட்டேன். கை மரக்கவில்லை என்றால் ரத்தம் நிற்கவே இல்லை. பட்டையில் காற்றடித்துக் காதருகே வைத்தேன். ஓரத்தில் உஸ்ஸென்று கசிந்தது. ஐந்து நிமிடமும் அழுத்தத்தைக் கவனிப்பது என் வேலை. நானோ குற்றம் தேடி அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சற்று நேரம் ஓய்வு கொடுத்து, வேறு பட்டை கட்டினேன். மூன்றாம் நிமிடத்தில் "மரக்குது" என்றார். தளர்த்தியதும் இருவரும் திரையைப் பார்த்தோம். நாலு புள்ளி ஒன்று. நாலு புள்ளி இரண்டு.

"இது நல்லதா?"

"நல்லதுண்ணா." எனக்கு அழுகை வந்துவிட்டது. "மன்னிச்சிடுங்க."

"விடு. உன் இடத்துல இருந்தா நானும் என்ன நம்பியிருக்க மாட்டேன்."

அண்ணியைக் கூப்பிட்டேன். திரையைக் காட்டினேன், அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. என் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, கொக்கியில் தொங்கிய சட்டையை எடுத்து அண்ணனிடம் நீட்டினார்.

"போட்டுக்கோங்க. வீட்டுச் சாவி எந்தப் பையில இருக்கு?"