கமலவேணியின் மீன் லோரி

மலாயா சுதந்திரம் அடைந்த மறு ஆண்டு, காஜா பெராங் வட்டாரத்தில் கமலவேணியைப் பற்றி இரண்டு பேச்சு அடிபட்டது. கணவர் ராஜரத்தினம் இறந்த பிறகும் லோரித் தொழிலை விற்காமல் அவரே நடத்துகிறார் என்பது ஒன்று. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வெள்ளைக்காரர்களின் திடலில் கோல்ஃப் ஆடுகிறார் என்பது இன்னொன்று. முதலாவதைச் சனங்கள் மெச்சினார்கள். இரண்டாவதற்குச் சிரித்தார்கள்.

கோல்ஃப் அவராகத் தேடிப்போனதல்ல. துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறவும், கிளப்பின் கதவு உள்ளூர்க்காரர்களுக்கும் திறந்தது. டாக்டர் பொன்னுதுரையின் மனைவி ஜெயா தனியாகப் போகக் கூச்சப்பட்டுக் கமலவேணியைத் துணைக்கு அழைத்தார். துணைக்குப் போனவர்தான் ஆட்டத்தில் தோய்ந்துபோனார்.

அவரிடம் இருந்த இரண்டு லோரிகளில் ஒன்றை ஓட்டியவன் ராஜரத்தினத்தின் தம்பி நல்லையா. நினைத்ததை அன்றே முடிக்க வேண்டும் அவனுக்கு. சீமைக்குத் திரும்பும் ஒரு தோட்டக் கம்பெனி தன் ஆறு லோரிகளையும் சேர்த்து விற்கிறது என்று கேள்விப்பட்டதும் அண்ணியிடம் ஓடிவந்தான்.

"வீட்ட அடகு வச்சா போதும் அண்ணி. ஆறும் நம்ம கைக்கு வந்துரும். இப்படி ஒரு வாய்ப்பு இனிமே வராது."

கமலவேணி இரண்டு நாள் யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். அந்த ஆறையும் அதே ஊர்ப் பணக்காரர் சின்னப்பா முதலாளி வாங்கினார். வாங்கிய மாதத்திலேயே நல்ல சவாரியும் பிடித்தார். நல்லையாவுக்கு வயிறு எரிந்தது.

"பாத்தீங்களா அண்ணி? அவரு நல்லா வந்துட்டாரு."

"வரட்டும், சந்தோஷம். அவருக்கு ரப்பர் தோட்டம் இருக்கு. லோரி கவுத்தாலும் எழுந்துக்குவாரு. நமக்கு வீடு போனா புள்ளைங்களோட எங்க போய் நிக்கிறது?"

அப்படிச் சொன்னவர்தான் அடுத்த வாரமே யாரும் செய்யாத ஒன்றைத் தொடங்கினார். கடலோர உஜோங் பாசிர் மீனவர்களிடம் வாங்கும் மீனை ஐஸ் போட்டு நேராகக் கோலாலம்பூர் பாசாருக்கு, பெரிய சந்தைக்கு, அனுப்புவது. இருந்த லோரியில் ஒன்றின் முதுகில் பெரிய பலகைப் பெட்டி ஏறியது. உள்ளே தகரம் அடித்து, பலகைக்கும் தகரத்துக்கும் நடுவில் மரத்தூள் திணித்தார்கள்.

முதல் பயணம் வழியிலுள்ள தம்பின் ஊரைத் தாண்டவில்லை. மேட்டில் ஏறும்போது ரேடியேட்டர் குழாய் வெடித்தது. உச்சி வெயிலில் நல்லையா குழாய் தேடி அலைந்து திரும்புவதற்குள் ஐஸ் தண்ணீராக ஒழுகிக்கொண்டிருந்தது. நாற்றமெடுத்த மீனைக் காய்கறித் தோட்டம் போட்டிருந்த ஒரு சீனரிடம் உரத்துக்குக் கொடுத்துவிட்டுத் தலைகுனிந்து வந்தான். கமலவேணி மீனவர்களுக்குச் சொன்ன விலையைக் குறைக்காமல் கொடுத்தார். முகம் மட்டும் வாடியிருந்தது.

மறுநாள் மாலை, இந்த மீன் வேலையே வேண்டாம் என்று சொல்லிவிடும் முடிவோடு நல்லையா கோல்ஃப் திடலுக்குப் போனான். கமலவேணி ஒரு குளத்தின் முன்னால் நின்றிருந்தார். குழி அக்கரையில். ஜெயா பந்தைக் குளத்தின் ஓரமாகவே சின்னச் சின்னதாகத் தட்டிக்கொண்டு சுற்றிப் போனார். கமலவேணி ஓங்கி அடித்தார். பந்து நடுக்குளத்தில் விழுந்தது.

இனிச் சுற்றித்தான் போவார் என்று நினைத்தான். அவரோ காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கக் கொஞ்சம் புல்லைக் கிள்ளி விட்டார். அது அவர் முகத்திலேயே வந்து ஒட்டியது. வேறு மட்டையை எடுத்து, புதுப் பந்தை வைத்து, மறுபடி அடித்தார். பந்து தண்ணீருக்கு மேலே போய்க்கொண்டே இருந்தது. அக்கரைப் புல்லில் அது விழுந்ததைப் பார்த்தபோது நல்லையா தன்னை அறியாமல் கை தட்டினான்.

அடுத்த குழிக்குப் போகும் வழியில் அவருடைய பந்து மரங்களுக்குள் உருண்டுவிட்டது. இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு சந்து தெரிந்தது.

"அதுல அடிங்க அண்ணி, நேரா போயிரும்."

கமலவேணி பந்தைப் பக்கவாட்டில் மெல்லத் தட்டி வெட்டவெளிக்குக் கொண்டுவந்தார்.

"அங்க அவ்வளவு துணிஞ்சீங்க, இங்க பயந்துட்டீங்களே?"

"ரெண்டு இடத்துலயும் பயம்தான்டா. குளத்துல விழுந்தா ஒரு பந்து போகும், ஒரு அடி கூடும். அது எனக்குத் தெரியும், தாங்கிக்குவேன். இங்க மரத்துல பட்டா எங்க தெறிக்கும், எத்தன அடி போகும்னு யாருக்குத் தெரியும்? மொத்த ஆட்டமும் போயிரும்." மட்டையைத் துடைத்துக்கொண்டே அவர் கேட்டார். "சரி, தம்பின்ல நமக்கு ஏன் தப்பாப் போச்சு?"

நல்லையா வந்த காரியத்தை மறந்துபோனான். "குழாய் பழசு. மாத்தியிருக்கணும். புறப்பட்டதும் லேட்டு, வெயிலு ஏறிருச்சு."

"அப்ப மீன் மேல தப்பு இல்லயே."

ஒரு நாள் மீன் முழுவதையும் இழந்த மறுநாள் இப்படிக் கேட்கத் தன்னால் முடிந்திருக்காது என்று நல்லையாவுக்குத் தோன்றியது. அண்ணனுக்கும் முடிந்திருக்காது.

புதுக் குழாய் போட்டு, ஐஸைக் கூட்டி, விடிவதற்கு முன்பே இரண்டாவது பயணம் கிளம்பியது. கோலாலம்பூர் பாசாரில் மீன் வாங்கும் சீன முதலாளி, தவுக்கே, பெட்டியைத் திறந்து ஒரு மீனின் செவுளை விரித்துப் பார்த்தார். சிவப்பு மாறாமல் இருந்தது. மொத்தத்தையும் எடுத்துக்கொண்டார்.

"தினமும் ஒரு லோரி வேணும். முடியும்னு சொல்லு, இப்பவே ஒப்பந்தம். ஒரு நாள் தவறினா மட்டும் நட்டத்த நீங்கதான் கட்டணும்," என்றார் மலாய் மொழியில்.

ஒரு மாதம் முன்பென்றால் நல்லையா அங்கேயே கையெழுத்துப் போட்டிருப்பான். இருந்தது ஒரே மீன் லோரி. அது ஒரு நாள் படுத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தான். "தினமும் முடியாது தவுக்கே. வாரத்துக்கு மூணு நாள் கண்டிப்பா வரும்." தவுக்கே முணுமுணுத்தார். பிறகு தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்து பயந்துகொண்டேதான் சொன்னான். கமலவேணி குறுக்கிடாமல் கேட்டார்.

"மூணு நாளா? நானா இருந்தா ரெண்டுதான் சொல்லியிருப்பேன்," என்று சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "சரி, வாக்கு கொடுத்துட்ட. நாளைக்கே தெங்கேராவுக்குப் போயி முன்ன பெட்டிக்குத் தகரம் அடிச்சாரே, அவர கூட்டிட்டு வா. இன்னொரு லோரிக்கும் பெட்டி அடிக்கணும்."