டீச்சர் வாயில் வந்த சொல்

கொல்லயில் ஊரில் சுகிர்தபாய் டீச்சர் யாரையும் 'எடா' என்று அழைத்துக் கேட்டவர்கள் கிடையாது. பெஞ்சை உடைத்த பையனைக்கூட "மக்கா, இப்பிடிச் செய்யலாமா?" என்றுதான் கேட்பாள். சபையில் ஓய்வுநாள் பள்ளி அவள் பொறுப்பு. கணவர் ராஜதாஸ் பாறசாலையில் பைப்பும் பம்புசெட்டும் விற்கிறவர். வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர். "டீச்சருக்க பொறுமையிலயாக்கும் அந்த வீடு ஓடுது" என்று ஊரில் சொல்வார்கள். அதில் அவருக்கும் உள்ளூரப் பெருமைதான்.

அன்று காலை மரச்சீனிக் கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தவளின் கையிலிருந்து கத்தி நழுவியது. எடுக்கப் பார்த்தாள். வலக்கை அசையவில்லை.

"என்ன பிள்ளே?" என்றார் ராஜதாஸ்.

பதில் சொல்லத் திறந்த வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. வெறும் சத்தம்தான் வந்தது. ராஜதாஸ் அவளை ஆட்டோவில் தூக்கிப்போட்டு நெய்யாற்றின்கரைக்குப் பறந்தார். அங்கிருந்து ஆம்புலன்சில் திருவனந்தபுரம். மூளையின் இடப்பக்கம் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். உயிருக்குப் பயமில்லை, பேச்சு எப்போது வரும் என்று மட்டும் சொல்ல முடியாது என்றார்கள்.

பேச்சு வந்தது, ஒரு மத்தியானம். அவர் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். சூடு கூடிப்போயிற்று போல. அவள் தலையைத் திருப்பினாள். உதடு துடித்தது. பிறகு வார்டு முழுக்கக் கேட்கும்படி, ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள்:

"போடா பட்டி!"

கரண்டி மெத்தையில் விழுந்தது. கட்டின புருஷனை நாயே என்கிறாள்! எதிர்க் கட்டில்காரர் போர்வைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். ராஜதாஸ் மனைவியைப் பார்த்தார். அவளோ அவரைவிட அரண்டுபோயிருந்தாள். அசைகிற இடக்கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். கையை எடுத்து வேறெதோ சொல்ல முயன்றாள்.

"போடா... போடா பட்டி!"

கண்ணிலிருந்து கரகரவென்று நீர் இறங்கியது.

அதன் பிறகு அவளிடம் இருந்தது அந்த ஒரே சொல். தண்ணீருக்கும் அதுதான், வலிக்கும் அதுதான். பெங்களூரிலிருந்து ஓடிவந்த மகள் லிஷாவை இறுக்கக் கட்டிக்கொண்டு, கொஞ்சுகிற குரலில் சொன்னதும் அதுதான். லிஷா சிரிப்பும் அழுகையுமாக அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மாக்க வாயில இது எப்பிடிப்பா வந்தது?"

"எனக்கென்ன தெரியும்!" என்று ராஜதாஸ் எரிந்து விழுந்தார்.

வீட்டுக்கு வந்த வாரமே போதகர் செபிக்க வந்தார், கூட பெண்கள் ஐக்கியத்தாரும். போதகர் தலையில் கைவைத்து, "டீச்சரே, சொகம் உண்டா?" என்றார். சுகிர்தபாய் உதட்டைக் கடித்து அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. சொல்லிவிட்டாள். போதகரின் கை சட்டென்று எழும்பி அந்தரத்தில் நின்றது. பெண்களில் ஒருத்தி, "அய்யோ, இது டீச்சரில்ல, உள்ள வேற ஏதோ கேறியிருக்கு" என்று முணுமுணுத்தாள்.

"எறங்குங்க எல்லாரும்!" என்று கத்தினார் ராஜதாஸ். அவர்கள் போனபின் கதவைச் சாத்தினார். ஆனால் அவள் பக்கத்தில் போய் உட்கார மனம் வரவில்லை. பிசாசு என்று அவர் நினைக்கவில்லை. அவர் நினைத்தது அதைவிட மோசம். இத்தனை வருஷமும் இதைத்தான் மனதில் வைத்திருந்தாளோ? பூட்டு உடைந்ததும் உள்ளே இருந்தது வெளியே வந்துவிட்டதோ? தன் கட்டிலைப் பக்கத்து அறைக்கு மாற்றிக்கொண்டார்.

பேச்சுப் பயிற்சிக்கு அனகா என்ற பெண் வந்தாள். கள்ளிக்காட்டுக்காரி, சின்ன வயது. அந்தச் சொல்லைக் கேட்டு அவள் முகம் சுளிக்கவில்லை. "டீச்சரே, என்கூட ஒண்ணு, ரெண்டு எண்ணுங்க" என்று தொடங்கிவைத்தாள். சுகிர்தபாய் கூடவே எண்ணினாள்! ராஜதாஸ் வாசலில் நின்று கேட்டார்.

"இனி எப்பவும் சொல்லுக செபம் சொல்லலாம். அங்கிள், தொடங்கிக் குடுங்க."

அவர் தட்டுத்தடுமாறி முதல் இரண்டு சொல்லைச் சொன்னார். மீதியை அவள் எடுத்துக்கொண்டாள். கர்த்தருடைய செபம் முழுவதும், நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தி, பழைய டீச்சர் குரலிலேயே ஆமென் வரைக்கும் போனது. ராஜதாசுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஓடிவந்து கட்டிலருகே முட்டுப்போட்டார்.

"எனக்க தெய்வமே, வந்துட்டே! பிள்ளே, எனக்க பேரச் சொல்லு பாப்போம்!"

அவள் ஆவலோடு வாயைத் திறந்தாள்.

"போடா பட்டி!"

ராஜதாஸ் முட்டுப்போட்டபடியே இருந்தார்.

அனகா நாற்காலியை இழுத்துப் போட்டாள். "இருங்க அங்கிள். நாம சொல்ல நெனைக்குத வார்த்தையத் தேடி எடுத்து அடுக்குதது மூளையில இடப்பக்கம். டீச்சருக்கு அடிபட்டது அங்கயாக்கும். பழகிப் பழகி தன்னால வருகது வேற. எண்ணுகது, செபம், ஏசுக தெறி, எல்லாம் அடைப்பு வராத எடத்தில இருந்து வருது. வலப்பக்கமும் அதுக்கு ஒதவும்."

"செபமும் தெறியும் ஒரே எடத்திலயா?" என்று கேட்டார் ராஜதாஸ்.

"ஏறக்கொறய. ரெண்டும் யோசிக்காம வருகதுதானே."

"அப்போ... எனக்க மேல உள்ள கோவமில்லியா?"

"அப்பிடிச் சொல்ல முடியாது அங்கிள். எங்கயோ கேட்டது தங்கியிருக்கலாம்."

அவள் போனபிறகு ராஜதாஸ் மனைவியின் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். மனம் பாதி லேசாகியிருந்தது. மீதியையும் இறக்கிவைத்துவிட்டால் போதும்.

"சுகிர்தம், நேரு சொல்லு, உள்ளத மறைக்காத. என்னைய நீ மனசில ஒருக்கலும் அப்பிடிச் சொன்னதில்ல, இல்லியா?"

இல்லை என்று தலையசைத்தாள். அவர் பெருமூச்சு விட்டார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, பொய் சொன்ன குழந்தை மாதிரி கண்ணைத் தாழ்த்தி, ஆமாம் என்று மெல்லத் தலையாட்டினாள்.

"சொன்னதுண்டா! எப்பம்?"

அவள் இடக்கையை உயர்த்தினாள். சாப்பாட்டு மேசை, சமையலறை, துணி தொங்கும் கொடி, டிவி, முற்றம் என்று அந்தக் கை வீட்டை ஒரு சுற்று சுற்றிக் காட்டிவிட்டு மடியில் இறங்கியது.

ராஜதாஸ் அந்தக் கை போன வழியெல்லாம் பார்த்தார். எந்த இடத்திலும் தான் என்ன செய்தோம் என்று கேட்கத் தோன்றவில்லை. ஒவ்வொன்றாகத் தானே ஞாபகம் வந்தது. அவள் கை தயங்கித் தயங்கி அவர் முட்டின்மேல் வந்து அமர்ந்தது. அவர் அதைத் தள்ளவில்லை. அன்று சாயங்காலமே கட்டிலைத் திரும்ப இழுத்துப் போட்டார்.

வார்த்தைகள் மெதுவாகத்தான் திரும்பின. மழைக்காலம் முடிவதற்குள் 'லிஷா' வந்தது, 'சாயா' வந்தது. ராஜதாஸ் என்கிற பெயர் 'தாசு' என்று பாதியாக வந்தது. பழைய சொல்லும் அவசரத்தில் முந்திக்கொண்டு வரத்தான் செய்தது. வந்தால் அவளே சிரித்துக்கொண்டாள். போதகர் மறுபடி வந்து அதை இன்னொரு தரம் வாங்கிக்கொண்டு, சிரித்தபடியே செபித்துவிட்டுப் போனார்.

ஒரு நாள் கடையை அடைத்து வந்தவரைச் சமையலறை வாசலில் சுவரைப் பிடித்து நின்றபடி அழைத்தாள். ஒவ்வொரு சொல்லையும் நெற்றியைச் சுருக்கித் தேடி எடுத்தாள்.

"இன்னைக்கு... சோறு... நீங்க... வையுங்க."

நோயில் விழுந்தபிறகு அவள் முழுதாகச் சொன்ன முதல் வாக்கியம் அது. சட்டையைக்கூடக் கழற்றாமல் அரிசிப் பானையைத் திறந்தார்.

"தண்ணி எவ்வளவு பிள்ளே?"