பன்னிரண்டு மீட்டர் குறைந்த தடம்

கடலில் பாய் விரித்து ஓடிவந்த பாய்ப்பலகை கரையில் நட்ட முடிவுக் கம்பைக் கடந்ததும் நாகலெட்சுமி ஸ்டாப்வாட்ச்சை அமுக்கினாள். முப்பத்தெட்டு புள்ளி நான்கு நொடி. பக்கத்தில் நின்ற நடுவர் காதர் மைதீனின் வாட்ச்சும் அதையே காட்டியது. ஐந்நூறு மீட்டருக்கு இந்த நேரமென்றால், வேகம் மணிக்கு இருபத்தைந்து கடல் மைலைத் தாண்டிவிட்டது.

"யா அல்லாஹ், வந்துருச்சு தாயி! ஒந்தம்பி ஜெயிச்சுட்டான்!" என்று அவர் தொப்பியைக் கழற்றி ஆட்டினார்.

தம்பி காளிதாஸுக்கு இது மூன்றாவது ஓட்டம், கடைசி ஓட்டமும்கூட. இருபத்தைந்தைத் தொட்டால் தேசியப் பயிற்சி முகாம். தொடாவிட்டால் இந்த மாதத்தோடு வயது தாண்டிவிடும், அப்புறம் தலைகீழாக நின்றாலும் சேர்க்கமாட்டார்கள். ஜிபிஎஸ் கருவி வாங்கப் பாய்ப்பலகைச் சங்கத்துக்கு ஏது வக்கு? வாட்ச்சும் நாடாவும்தான். ஆகவே முடிவுச் சீட்டில் இருவரும் கையெழுத்துப் போடுமுன் தடத்தை மறுபடி அளந்தே ஆகவேண்டும்.

தொடக்கக் கம்பிலிருந்து கரையோரமாகவே நூறு நூறாக அளந்துகொண்டு வந்தார்கள். ஐந்தாவது நூறில் எண்பத்தெட்டிலேயே முடிவுக் கம்பு வந்துவிட்டது. கை தவறியிருக்கும் என்று திரும்ப அளந்தார்கள். அப்போதும் நானூற்று எண்பத்தெட்டுதான்.

போன வாரம் சரியாக ஐந்நூறில் நட்டவள் நாகலெட்சுமியேதான். கம்புக்கு அப்பால் பன்னிரண்டு எட்டு நடந்து பார்த்தாள். மணலில் காலால் மிதித்து மூடிய குழி கிடந்தது.

பனங்காட்டு வழியாக மொபெட்டில் வந்து இறங்கினார் அவள் அய்யா பூமிநாதன். மகளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"ஏத்தா, நீ என்ன இங்கன? பாத்தியா அநியாயத்த! எவனோ நம்ம புஞ்சையில கம்ப ஊண்டிட்டுப் போயிருக்கான். இன்னைக்குக் கம்பும்பான், நாளைக்கு வேலி போடுவான், அப்புறம் பட்டா வச்சிருக்கேம்பான். கோர்ட்டுக்கு யாரு அலையுறது? முந்தாநாளே புடுங்கி எல்லைக்கு அங்கிட்டு நட்டுட்டேன்ல!"

காதர் மைதீன் யார் முகத்தையும் பார்க்காமல் நாடாவைச் சுருட்டினார். "தடம் தப்புன்னு இன்னொரு ஓட்டம் விடலாம் தாயி. ஆனா காத்து விழுந்துபோச்சே. இன்னையோட தேர்வுத் தேதியும் முடியுது."

நாகலெட்சுமி போனில் கணக்குப் போட்டாள். வேகம் இருபத்து நான்கு புள்ளி ஏழுதான். சீட்டில் எழுதினாள். கை பாட்டுக்கு எழுதியது. நெஞ்சு வெடித்திருக்க வேண்டும், ஆனால் ஒன்றும் வரவில்லை. அழுகைகூட வரவில்லை.

சொட்டச் சொட்ட ஓடி வந்த காளிதாஸ் சீட்டை வாங்கிப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். அவள் மூடிய குழியைக் கைகாட்டினாள். அவன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"ஏலே, நீ எதுக்குலே கடல்ல கெடந்து வார?" என்றார் பூமிநாதன்.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? வெள்ளாமையை விட்டுக் கடலுக்குப் போகிறான் என்று தெரிந்தால் வீட்டில் அடுப்பெரியாது, அய்யாவுக்கு மூச்சு விடாதே என்று இரண்டு வருஷமாகத் தம்பி வாயைக் கட்டிவைத்தவள் அவள்தான். முகாம், வயது, கம்பு எல்லாவற்றையும் பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னாள்.

பூமிநாதன் கம்பையே பார்த்துக்கொண்டு நின்றார். தோளில் கிடந்த துண்டு நழுவியது, எடுக்கவில்லை.

"அடப் பாவிகளா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? எம்மகன் கம்புன்னா நாந்தானத்தா காவலுக்கு உக்காந்திருப்பேன்!"