பரீட்சைக்கு ஒரு வாய்

“என் வாய்க்குள்ள ஒம் மகளா கை வைக்கப் போறா?”

சஞ்சீவனி அம்மாள் இப்படிக் கேட்டதும் குளியலறைத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்த புஷ்பத்தின் கை நின்றுவிட்டது. பின்வாசல் படிக்குக் கீழே நின்ற அவள் மகள் சுபாஜினி பதிலுக்காகக் காத்திருந்தாள். படிக்கு மேலே வரச் சொல்லி யாரும் அவளை ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

சஞ்சீவனி அம்மாளின் கணவருக்குக் கண்டி நகரில் துணிக்கடை. அந்த வீட்டுக் குளியலறைகளைப் புஷ்பம் பதினாறு வருஷமாகக் கழுவுகிறாள். அவள் புருஷன் அழகமுத்து மாநகரசபையில் தெருக் கூட்டுகிறவர். குடியிருப்பு மஹியாவையில், சபை கொடுத்த ஒற்றை அறை. இரண்டு வீட்டுப் பாட்டன்மாரும் இந்தியாவிலிருந்து ஒரே கப்பலில்கூட வந்து இறங்கியிருக்கலாம். சாதி மட்டும் டிக்கெட் எடுக்காமல் கூடவே வந்து, இந்த ஊரில் நன்றாகவே காலூன்றிவிட்டது. புஷ்பத்துக்குத் தேநீர் கொடுக்கும் பிளாஸ்டிக் கோப்பை வெளிக்குழாயடியில் தனியாகக் கவிழ்ந்திருக்கும்.

“அவ படிச்சிருக்காம்மா. ரெண்டு வருஷமா இதைத்தான் படிக்கிறா,” என்றாள் புஷ்பம், தரையைப் பார்த்தபடி.

அது உண்மைதான். பேராதனை வீதியில் உள்ள ஒரு தனியார் தொழில்நுட்பக் கல்லூரியில் சுபாஜினி பல் சுகாதாரப் பயிற்சி படிக்கிறாள். பல் டாக்டர் இல்லை. பல்லில் இறுகிக் கிடக்கும் காரையைச் சுரண்டி எடுத்து, ஈறைப் பார்த்து, எப்படித் துலக்குவது என்று சொல்லிக் கொடுக்கிற வேலை. கடைசிப் பரீட்சைக்கு ஒவ்வொருவரும் தங்கள் நோயாளியைத் தாங்களே கூட்டிவர வேண்டும். வயது நாற்பதுக்கு மேல், இருபது பல்லாவது இருக்க வேண்டும், நிறையக் காரையும் வேண்டும்.

சொந்தக் குடியிருப்பில் அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். அங்கே நாற்பது வயதுக்காரர்களுக்கு இருபது பல் என்பது அதிகப்படியான ஆசை. வலித்தால் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஒருவழியாகக் கிடைத்த ஒரு மாமாவும் பரீட்சைக்கு மூன்று நாள் இருக்கும்போது கொழும்புக்குப் போய்விட்டார். ஆள் இல்லாவிட்டால் பரீட்சை இல்லை. அடுத்த பரீட்சை அடுத்த வருஷம்தான். அதனால்தான் சஞ்சீவனி அம்மாளைக் கேட்க வந்திருந்தாள்.

சஞ்சீவனி அம்மாள் நாக்கால் பற்களைத் தடவிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை அவள் மகளுக்குக் கல்யாணம். வீடியோக்காரன் வேறு வருகிறான்.

“சரி, வர்றேன். ஆனா ரெண்டு சோடி குளோவ்ஸ் போட்டுக்க. வாய் கொப்புளிக்க எஞ் செம்ப நானே கொண்டாறேன். அங்க யாரு கேட்டாலும் புஷ்பத்தோட மகள்னு சொல்லிக்காத. தெரிஞ்ச புள்ளன்னு சொல்லு.”

“சரிங்கம்மா,” என்றாள் சுபாஜினி.

அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. தேடிப் பார்த்தாள், ஒன்றும் அகப்படவில்லை. சின்ன வயதிலிருந்தே இந்தப் படிக்குக் கீழே நின்று நின்று உள்ளே ஏதோ மரத்துப்போயிருந்தது. பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதும் பரீட்சையைத் தவிர வேறெதையும் அவள் நினைக்கவில்லை.

பரீட்சைக்கு முதல் நாள் அம்மாவைக் கல்லூரிக்குக் கூட்டிப்போனாள், கை பழக. புஷ்பத்துக்கு மொத்தம் பதினாலு பல். பிடுங்குவதற்கு அல்லாமல் அவள் வாயை யாரும் இதுவரை திறந்து பார்த்ததில்லை. செருப்பைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டு, நோயாளி சாய்ந்து படுக்கும் நீளக் கதிரையில் கால் படாமல் ஒருக்களித்துப் படுக்கப் பார்த்தாள்.

“கால நீட்டும்மா. இது எல்லாரும் படுக்கிறதுதான்.”

“வாய் நாறுமே புள்ள.”

“அதுக்குத்தானே நான் இருக்கேன்.”

புஷ்பம் பயந்து பயந்து வாயைத் திறந்தாள். சுபாஜினி ஒரு மணி நேரம் பல் பல்லாகச் சுத்தம் செய்தாள். கல்லூரி ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு செட் கருவிதான் கொடுத்திருந்தது. முடிந்ததும் தன்னுடையதைக் கழுவி, உறையில் போட்டு ஒட்டி, ஆவியில் அவிக்கும் இயந்திரத்துக்குள் வைத்தாள்.

வியாழக்கிழமை சஞ்சீவனி அம்மாள் த்ரீவீலரில் வந்து இறங்கினாள். கைப்பையிலிருந்து எவர்சில்வர் செம்பை எடுத்ததும், விரிவுரையாளர் நிலூஷா மிஸ், “இங்க எல்லாருக்கும் புது பேப்பர் கப் இருக்கு அம்மா,” என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

“எனக்கு அலர்ஜி மிஸ்,” என்றாள் சஞ்சீவனி அம்மாள். சாதிக்கு இப்படியும் ஒரு பெயர் இருப்பது நிலூஷா மிஸ்ஸுக்குத் தெரியாது.

பரீட்சகர் கொழும்பிலிருந்து வந்த சிங்கள டாக்டர். படிவத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டும் முடியுமுன் நோயாளி எழுந்துபோனால் மாணவி தோற்றாள். அது எல்லாருக்கும் தெரிந்த விதி.

இரண்டு சோடி கையுறைக்குள் விரல்கள் தடித்துப்போயிருந்தன. ஆனாலும் சுபாஜினி நிதானமாகச் சுரண்டினாள். நாற்பது நிமிஷத்தில் கீழ்வரிசை முடிந்தது. வருஷக்கணக்கான காரை துண்டு துண்டாகப் பெயர்ந்து வந்தது. சஞ்சீவனி அம்மாள் எழுந்து உட்கார்ந்து கொப்புளித்துத் துப்பினாள். நாக்கால் தடவிப் பார்த்தவள் முகம் மலர்ந்துவிட்டது.

“நல்ல கை புள்ள ஒனக்கு. நோவே தெரியல,” என்றவள் தட்டைப் பார்த்தாள். “இந்தக் கம்பியெல்லாம் புதுசுதானே?”

“ஆவியில அவிச்சதும்மா. ஒரு கிருமியும் இருக்காது.”

“அது சரி. எனக்கு முந்தி யாரு வாயில வச்சது?”

நிலூஷா மிஸ் கேள்வியைச் சிங்களத்தில் பரீட்சகருக்குச் சொன்னார். அவள் பதிலைக் குறிக்க அவர் பேனாவை எடுத்தார். இப்படிக் கேட்பவர்களுக்கு இன்னாரென்று சொல்ல வேண்டியதில்லை, சுத்தமானது என்றால் போதும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். புதுசு என்று ஒரு பொய் சொன்னாலும் போதும். பரீட்சை முடிந்துவிடும், அம்மாவின் வேலையும் தப்பிவிடும்.

சுபாஜினிக்கு நேற்று அவ்வளவு கூச்சத்தோடு திறந்த அம்மாவின் வாய் நினைவுக்கு வந்தது. அதை இப்போது ஒளித்தால், அது ஒளிக்க வேண்டிய வாய்தான் என்று தானும் ஒப்புக்கொண்டதாகிவிடும். அவளால் முடியவில்லை.

“எங்கம்மா வாயில,” என்றாள். “நேத்து.”

நிலூஷா மிஸ் அதை மொழிபெயர்க்கவில்லை.

சஞ்சீவனி அம்மாளின் கை வாயைப் பொத்தியது. இரண்டு காலும் கதிரையிலிருந்து இறங்கித் தரையில் செருப்பைத் தேடின. ஒன்று அகப்பட்டது. சுபாஜினி கையிலிருந்த கருவியைத் தட்டில் வைத்தாள். அடுத்த வருஷம் யாரைக் கூட்டிவருவது என்று அவள் மனம் அப்போதே தேட ஆரம்பித்துவிட்டது.

எதையோ துடைக்க வேண்டும் என்பதுபோல் சஞ்சீவனி அம்மாள் நோயாளி பார்க்கவென்று கொடுத்து, மடியில் கிடந்த கைக்கண்ணாடியை எடுத்து வாயைப் பார்த்தாள். கீழ்வரிசை பளிச்சென்று இருந்தது. மேல்வரிசை, அதற்குப் பக்கத்தில் இருந்ததாலோ என்னவோ, முன்னைவிடப் பழுப்பாகத் தெரிந்தது. உதட்டை விரித்தாள், சிரிப்பதுபோல் வைத்துப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்றே நாள். வேறு எந்த டாக்டரிடமும் அவள் நேரம் எடுத்திருக்கவில்லை.

கண்ணாடியை மடியில் கவிழ்த்துவிட்டு, காலைத் தூக்கிப் போட்டு மறுபடி சாய்ந்தாள்.

“நாளையிலிருந்து ஒங்கம்மா வேலைக்கு வர வேணாம்னு சொல்லிரு,” என்றாள், கூரையைப் பார்த்துக்கொண்டு.

“சொல்லிர்றேம்மா,” என்றாள் சுபாஜினி. “இப்ப வாயப் பெருசாத் திறங்க.”

சஞ்சீவனி அம்மாள் திறந்தாள்.