குளிர் நாட்டில் வாங்கியது

"இது யாருதுன்னு கேக்கறேன்."

மொட்டைமாடிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த சுடிதாரை ஒரு விரலால் தொட்டுக் காட்டிய சிட்டிபாபு, அந்த விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். மகன் ஹரிபாபு பல் தேய்த்தபடி தண்ணீர்த் தொட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டான். ஈரத் துணி வாளியோடு நின்றிருந்த நளினிதான் பதில் சொன்னாள்.

"என்னுதுதான் மாமா. ஃபேக்டரிக்குப் போட்டுக்க தச்சது."

"உங்க அத்த இல்லாத நேரமா பாத்து எடுத்தாந்திருக்கே."

"அத்த கீறப்பவே புது வேலைய பத்தி சொன்னேனே மாமா."

"வேலய சொன்னே. இத சொல்லல." அவருக்குக் கோபம் ஏறினால் தெலுங்கு வந்துவிடும். "மன இண்ட்லோ இதி அலவாட்டு லேது. நம்ம வூட்டு மருமவளுங்களுக்கு இந்தப் பழக்கம் கெடையாது."

நகரி பக்கத்துக் கழனியை விட்டு அந்தக் குடும்பம் சித்தூருக்கு வந்து இருபது வருடமாகிறது. வேட்டி கட்டிய பிள்ளைகள் பேண்டுக்கு மாறினார்கள், மாட்டுவண்டி போய் கார் வந்தது, மகள் சுமித்ராவைக் கட்டிக்கொடுத்து மெல்போர்னுக்கே அனுப்பியாயிற்று. எதற்கும் பழக்கம் குறுக்கே வந்து நிற்கவில்லை. மருமகள் இடுப்புக்குக் கீழே என்ன உடுத்துகிறாள் என்பதில் மட்டும் அது வந்து நின்றது.

நளினி வேதியியல் படித்தவள். புத்தலப்பட்டு போகும் சாலையில் மாம்பழக் கூழ் தயாரிக்கும் தொழிற்சாலையில், இரண்டு வருடமாக மாம்பழப் பருவத்துக்கு மட்டுமான ஆளாக டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டும் பகுதியில் இருந்தாள். ஆகஸ்ட் முடிந்தால் அப்படி எடுத்த பெண்களை நிறுத்திவிடுவார்கள். ஆனால் கூழ் பிழியும் இயந்திர வரிசையில் தரம் பார்க்க நிரந்தரமாக ஓர் ஆள் வேண்டுமென்று மேற்பார்வையாளர் பிரேமலதா அவள் பெயரை எழுதிக் கொடுத்திருந்தாள். ஒரே நிபந்தனை, அங்கே புடவை கூடாது. போன வருடம் கன்னிகா என்ற பெண்ணின் முந்தானையை இயந்திரத்தின் பெல்ட் இழுத்துக்கொண்டதில் அவள் முழங்கை இரண்டாக உடைந்தது. அன்று கத்திக்கொண்டு ஓடிப் பொத்தானை அழுத்தி நிறுத்தியவள் நளினி.

சிட்டிபாபு கைப்பேசியை எடுத்து மெல்போர்னுக்கு அழைத்தார். மகளின் பிரசவத்துக்காக அவர் மனைவி யசோதா மே மாதமே அங்கே போயிருந்தாள். ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு, "உன் மருமவ சுடிதார் தச்சிருக்கா. சொல்லு அவகிட்ட" என்றார்.

அந்தப் பக்கம் குழந்தை அழும் சத்தம். பிறகு யசோதாவின் குரல். "வேணாம்மா நளினி. மாமா சொல்றது சரிதான். மடிச்சு வெச்சுடு."

கல்யாணமான ஆறு வருடத்தில் நளினிக்கு மறுக்கப்பட்ட எல்லாமே அந்தக் குரலில்தான் மறுக்கப்பட்டன. பி.எட். படிப்பு, தோழியோடு பெங்களூர் போவது, முடியைத் தோளோடு வெட்டிக்கொள்வது எல்லாம். மாமனார் ஒருநாளும் அவளிடம் நேராக "கூடாது" என்று சொன்னதில்லை. நளினி கீழே வந்து சுடிதாரை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தாள்.

பத்து நாள் கழித்து, காலை ஆறரைக்கு, அடுப்பில் பால் பொங்கும் நேரத்தில் யசோதாவின் வீடியோ அழைப்பு வந்தது. நளினிக்கு மட்டும்.

"பக்கத்துல யாருன்னா கீறாங்களா?"

"மாமா ஹால்ல டிவி பாத்துக்கினு கீறாரு. இன்னா அத்தே?"

"சத்தத்த கொறச்சு வை."

திரையில், துணிக்கடையில் உடை போட்டுப் பார்க்கும் ஒரு சின்ன அறை. மூன்று பக்கமும் கண்ணாடி, சுவரில் கொக்கிகள். அங்கே அப்போது பதினோரு மணி. குழந்தைக்குப் பால் கொடுக்க சுமித்ரா கடையின் இன்னொரு மூலைக்குப் போயிருந்தாள். புடவையை உருவிக் கொக்கியில் மாட்டிவிட்டுப் பாவாடையோடு நின்ற யசோதா வாங்க எடுத்த இரண்டு கறுப்புப் பேண்ட்டுகளில் ஒன்றைத் தூக்கிக் காட்டினாள்.

"இதுல முன்பக்கம் எது? சுமித்ரா சொல்லாமயே போயிட்டா. இங்க குளிரு தாங்கல நளினி. பொடவைக்குள்ள காத்து பூந்து காலு ரெண்டும் மரக்கட்ட ஆவுது. முட்டி மடங்க மாட்டேங்குது."

"உள்ள சின்னத் துணி தச்சிருக்குமே அத்தே, லேபிள். அது முதுகுப் பக்கம்."

யசோதா கைப்பேசியைப் பலகையில் சாய்த்துவைத்துவிட்டு ஒரு காலை நுழைத்தாள். மெட்டி துணியில் மாட்டிக்கொண்டது. "அறுந்துடப் போவுது" என்று முணுமுணுத்தபடி குனிந்து விடுவித்தாள். மறுகாலையும் போட்டு, இடுப்புப் பட்டையை ஏற்றிவிட்டு நிமிர்ந்தபோது, கண்ணாடியில் முன்னும் பின்னும் திரும்பித் தன்னைப் பார்த்தாள். அத்தைக்கு இரண்டு கால்கள் இருப்பதை நளினி அன்றைக்குத்தான் பார்த்தாள். ஒல்லியான, லேசாக வளைந்த கால்கள்.

"ஒக்காந்து பாருங்க அத்தே. இறுக்குதா?"

யசோதா குந்தினாள், எழுந்தாள். ஒரு காலைத் தூக்கிப் பார்த்தாள். "இறுக்கல. லேசா கீது" என்றாள். அப்புறம், "அசிங்கமா கீதா?" என்று கேட்டாள்.

"இல்ல அத்தே. நல்லா கீது."

ஹாலிலிருந்து சிட்டிபாபுவின் குரல் வந்தது. "யாரு ஃபோன்ல?"

"ஃபேக்டரி மாமா" என்றாள் நளினி.

திரையில் யசோதா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சிரிக்கிறாளா பயப்படுகிறாளா என்று தெரியவில்லை.

அதன்பிறகு அந்த அழைப்பு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வந்தது. ஏரியைச் சுற்றி, குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு, பேண்ட்டும் கம்பளிக் காலுறையுமாக யசோதா தனியாக நடப்பாள். வாத்துகளைக் காட்டுவாள். மூச்சு வாங்காமல் எவ்வளவு தூரம் நடந்தாள் என்று சொல்வாள். வீட்டுக்கு வந்து புடவை சுற்றிக்கொண்டபின்தான் கணவரை அழைப்பாள். நளினிக்கு நம்பிக்கை வளர்ந்தது. அத்தை வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிரேமலதாவிடம், "செப்டம்பர் ஒண்ணாந்தேதி வந்துடறேன் மேடம்" என்று துணிந்து சொல்லிவிட்டாள்.

ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை, ஹைதராபாத் வழியாக வந்த யசோதாவை அழைத்துவர மூவரும் ரேணிகுண்டா விமான நிலையம் போனார்கள். வெளியே வந்தவள் அரக்கு நிறப் புடவையில், போகும்போது எப்படிப் போனாளோ அப்படியே வந்தாள். கணவரைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டாள். நேராகத் திருச்சானூர் தரிசனம் என்று சிட்டிபாபு முடிவு செய்திருந்தார். குளிப்பதற்கு ஒரு லாட்ஜில் அறை எடுத்துப் பெண்களை உள்ளே அனுப்பிவிட்டு, ஆண்கள் காப்பி குடிக்கப் போனார்கள்.

மாற்றுப் புடவை எடுக்க நளினி பெட்டியைத் திறந்தாள். குழந்தையின் படங்கள், மாமாவுக்கு ஸ்வெட்டர், ஹரிபாபுவுக்கு இரண்டு சட்டை.

"அத்தே, உங்க பேண்ட்டெல்லாம் எங்க?"

"ஹைதராபாத்ல எறங்கனதும் பாத்ரூம்ல பொடவ மாத்திக்கினேன். அதுங்கள அங்கியே குப்பத்தொட்டில போட்டுட்டேன்."

"ரெண்டுமா?"

"நாலு. அப்பறமா இன்னும் ரெண்டு வாங்கினேன்." யசோதா ஜன்னல் பக்கம் பார்த்தாள். "மடிச்சுதான் போட்டேன்."

நளினி அவள் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தாள். "மாமாகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க அத்தே. திங்கக்கெழமைக்கு நான் அங்க நிக்கணும். நீங்க சொன்னா கேப்பாரு."

"நான் சொன்னா கேப்பாரா?" யசோதா மெதுவாகத்தான் பேசினாள். "வூட்ல நான் சொல்றதெல்லாம் நான் சொல்றதுன்னு நெனச்சுக்கினு கீறியா? அவரு நெனைக்கறத என் வாயி சொல்லுது. முப்பத்தேழு வருசமா அப்டிதான். நீ வந்தப்பறம் அதுக்குப் பேரு மாமியா."

"அப்ப இதயாச்சும் நீங்களா சொல்லுங்க."

"சொன்னா, வெளியூரு போயி கெட்டுப்போயிட்டேன்னுவாரு. அடுத்த வாட்டி சுமித்ராவ பாக்க உடமாட்டாரு. அந்தக் கொழந்தைய நான் மறுபடி பாக்கணும் நளினி."

யசோதா அவ்வப்போது அனுப்பிய, ஏரிக்கரையில் பேண்ட்டோடு நிற்கும் படங்கள் ஏழெட்டு நளினியின் கைப்பேசியில் இருந்தன. ஒன்றைக் காட்டினால் போதும், மாமனாரின் வாய் அடைத்துவிடும். அந்த யோசனை வந்த வேகத்திலேயே அவளுக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது. அத்தை குளிக்கப் போன நேரத்தில் எல்லாப் படங்களையும் அழித்தாள்.

தரிசனம் முடிந்து திரும்பும்போது புத்தலப்பட்டைத் தாண்டியதும் தொழிற்சாலையின் தகரக் கூரை தெரிந்தது. முன்னிருக்கையிலிருந்து சிட்டிபாபு திரும்பாமலே சொன்னார். "யசோதா, திங்கக்கெழமைலருந்து வேல இல்லன்னு சொல்லிடு அவகிட்ட. நீதான் வந்துட்டியே."

ஹரிபாபு கியர் மாற்றினான்.

"வேணாம்மா, உட்டுடு" என்றாள் யசோதா. நளினியின் கைமேல் அவள் கை இருந்தது. சொன்னபிறகும் அதை எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க நளினி வழக்கம்போல் சமைத்தாள், பரிமாறினாள், பாத்திரம் துலக்கினாள். இரவு, காலையில் வேலைக்குப் போகப்போவதாகக் கணவனிடம் சொன்னபோது அவன், "நைனாவ எதிர்த்து என்னால பேச முடியாது. உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தான். மறுநாள் விடியலில் தங்கள் கடைக்குச் சரக்கு வருகிறதென்று கிளம்பிப் போய்விட்டான்.

எட்டரை மணிக்கு நளினி அறையிலிருந்து வெளியே வந்தாள். சாம்பல் நிறச் சுடிதார். துப்பட்டாவை இரண்டு தோளிலும் ஊசி குத்தியிருந்தாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. "போயிட்டு வரேன் மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை வாசலில் இறக்கினாள்.

சிட்டிபாபு செய்தித்தாளைத் தாழ்த்தினார். "யசோதா. அவள உள்ள கூப்புடு."

சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்தாள் யசோதா. மருமகளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "போவட்டும்" என்றாள்.

"இன்னா போவட்டும்? அங்க போயி இதத்தான் கத்துக்கினு வந்தியா?"

"ஆமா." ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். "நானும் போட்டுக்கினேன். குளிருக்குக் கடையில வாங்கினேன். மூணு மாசமும் அதான். வெளிய போனா வந்தா அதான். நல்லா நடந்தேன்."

நளினி சாவியைத் திருகாமல் நின்றாள். சிட்டிபாபுவின் முகம் கறுத்தது. எதிர்வீட்டுப் பெண் தள்ளுவண்டியில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு நாற்காலியின் நுனிக்கு வந்து, மனைவிக்கு மட்டும் கேட்கிற மாதிரி குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அங்க நம்மாளுங்க யாராச்சும் பாத்தாங்களா?"

யசோதா அவரையே பார்த்தாள். அப்புறம் திரும்பி, "டைமாவுது நளினி, போ" என்றாள்.

ஸ்கூட்டி தெருமுனை திரும்பும்போது அவர் இன்னும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சொல்லு. யாரும் பாக்கலியே?"