ஜன்னலுக்கு நேரே ஒரு வில்லோ

முப்பது வருஷமாகக் குழாய் வேலை பார்க்கிறேன். எந்த வீட்டில் சாக்கடை அடைத்தாலும் முதலில் மரத்தைத்தான் தேடுவேன். வில்லோ மரம் நின்றால் போதும், வாய்க்கு வந்தபடி திட்டுவேன். ஈரத்தை மோப்பம் பிடித்துப் போகிற வேர் அது. "அம்பது அடி தள்ளி வைங்கன்னா கேக்குறீங்களா? அஞ்சாறு வருஷத்துல குழாய்க்குள்ள குடித்தனம் பண்ணிடும்" என்பேன்.

ஊருக்குத்தான் உபதேசம். என் வீட்டு வில்லோ சாக்கடைக் குழாயிலிருந்து எட்டடியில் நிற்கிறது. நட்டவனும் நானேதான்.

மகளுக்காக நட்டேன். பதினோரு வயதில் நோய் அவளைப் படுக்கையில் தள்ளியது. வெட்டிய கிளையை வாளித் தண்ணீரில் வைத்து, வேர் விட்டதும் அவள் ஜன்னலுக்கு நேரே ஊன்றினேன். தொங்குகிற கிளைகளைப் பார்த்து 'அழுமூஞ்சி' என்று பெயர் வைத்தாள். "அப்பா, அழுமூஞ்சிக்குத் தண்ணி ஊத்துனியா?" என்று தினமும் கேட்பாள். மரம் ஜன்னல் உயரம் வளர்ந்தபோது அவள் இல்லை.

நட்டு ஆறு வருஷம் கழித்து, இன்று காலை குளியலறையில் தண்ணீர் எதிர்த்துக்கொண்டு வந்தது. தோண்டிக் குழாயை உடைத்தேன். உள்ளே முழுக்க வேர், பின்னிய சடை மாதிரி. என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கொத்தைக் கையில் எடுத்துத் தடவினாள்.

"மரத்த வெட்ட வேணாம். குழாய வேற பக்கம் திருப்பிடுறேன்" என்றேன்.

அவள் மரத்தையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏங்க, வேர் இங்க வந்துடும்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்ப தோட்டக் கோடியில நட்டிருக்கலாமே. எழுந்திரிச்சதும் அவ நடந்து போய்ப் பாத்திருப்பால்ல?"

நான் மண்ணைக் கிளறினேன்.

"எழுந்திரிக்கவே மாட்டான்னு அன்னைக்கே தெரியுமா?"

"டாக்டர் என்கிட்ட மட்டும் சொன்னாரு. உன்கிட்ட சொல்ல எனக்குத் தெம்பு இல்ல."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அடுத்த வருஷத்துக்கு ஸ்கூல் யூனிஃபார்ம் தச்சேனே. வளர்ற பிள்ளைன்னு ரெண்டு அங்குலம் மடிச்சு விட்டுத் தச்சேனே. பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

வேரை அங்கேயே போட்டுவிட்டு உள்ளே போனாள்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவளுக்குக் கண் மங்கல் என்று ஊசியில் நூல் கோத்துக் கொடுத்ததே நான்தான்.